வீட்டுக்குள் தொலையும் வேகம்

மாதாமாதம் 300 எம்பிபிஎஸ் வேகத்துக்குப் பணம் கட்டும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கூடத்தில் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று செல்போனில் சோதித்தால் 280 காட்டுகிறது. அதே நேரத்தில் மாடியறையில் மகள் வேலைக்கான நேர்காணலில் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் அவள் முகம் உறைந்து நிற்கிறது, குரல் விட்டுவிட்டுப் போகிறது. இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிட்டால், "லைன் நல்லாத்தான் இருக்கு சார், வேணும்னா பிளானை ஏத்திக்குங்க" என்கிறார். 500க்கு ஏற்றுகிறார்கள். கூடத்தில் 450 வருகிறது. மாடியில் எதுவும் மாறவில்லை.

இப்படிப்பட்ட வீடு சென்னையில் இருக்கிறது, கோவையில் இருக்கிறது, தென்காசியிலும் இருக்கிறது. வேலை, படிப்பு, மருத்துவரின் ஆலோசனை எல்லாம் இந்த இணைப்பின் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்ட பிறகு, நெட் மெதுவாக இருக்கிறது என்பது வெறும் எரிச்சலாக நிற்பதில்லை. ஒருவரின் வேலையே அதனால் கைநழுவலாம். அதனால்தான் இதைப் பொறுமையாக, முழுதாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். லைன் நன்றாக இருந்தும் நெட் நின்று போகிற வீடுகளில், வேகமான ஒரு பகுதியும் மெதுவான ஒரு பகுதியும் சந்திக்கும் ஏதோ ஓர் இடத்தில் கோளாறு உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் பிளானை ஏற்றுவதும் புது ரவுட்டர் வாங்குவதும் பணத்தை வீணாக்குவது. கண்டுபிடிக்கப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு மடிக்கணினி, சரியாக வேலை செய்யும் ஒரு கேபிள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.

ஒரு வீட்டில் இருக்கும் கருவிகளின் வயதைப் பாருங்கள். வைஃபை 1999ல் 11 எம்பிபிஎஸ் வேகத்துக்கு வந்தது. 2003ல் 54 ஆனது. 2009ல் வந்த தலைமுறையை இன்று வைஃபை 4 என்கிறோம், 2013ல் வந்தது 5, 2021ல் தரப்படுத்தப்பட்டது 6. கேபிளில் 10 எம்பிபிஎஸ் ஓடிய காலம் போய் 1995ல் 100 வந்தது, 1999ல் 1000, அதாவது கிகாபிட். இந்த ஆண்டுகள் எல்லாமே ஒரே கூரையின் கீழ் குடியிருக்கின்றன. அப்பாவின் பழைய பிரிண்டர் ஒரு காலத்தைச் சேர்ந்தது, வாசலில் மாட்டிய கேமரா இன்னொரு காலத்தைச் சேர்ந்தது, பிள்ளையின் செல்போன் நேற்று வந்தது. ஒன்றோடொன்று பேசும்போது இவை தமக்குள் ஒரு வேகத்தை ஒத்துக்கொள்கின்றன. அந்த ஒப்பந்தம் எங்கே கீழே இறங்கியது என்று தேடுவதுதான் நம் வேலை.

முதலில் அளவு

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். இணைப்பு கொடுப்பவர் சொல்லும் எம்பிபிஎஸ் பிட் கணக்கு. கணினி ஒரு கோப்பை நகலெடுக்கும்போது காட்டும் எம்பி பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எனவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் இறங்கும். "100 போட்டிருக்கேன், 11தான் காட்டுது" என்று சண்டைக்குப் போகிறவரின் இணைப்பு உண்மையில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து, எங்கே நின்று அளப்பது? செல்போனை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்து ஸ்பீட் டெஸ்ட் போடுவதுதான் எல்லோரும் செய்வது. அந்த எண்ணில் வெளி லைன், ரவுட்டர், வைஃபை, செல்போன் நான்கும் கலந்து கிடக்கின்றன. எது குறைந்தாலும் எண் குறையும், எது குறைந்தது என்று தெரியாது. ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்தால்தான் துப்பு கிடைக்கும். வைஃபையை அணைத்துவிட்டு, மடிக்கணினியை ஒரு நல்ல கேபிளால் நேரே ரவுட்டரில் செருகுங்கள். வீட்டில் வேறு யாரும் நெட்டைப் பயன்படுத்தாத நேரமாக இருக்கட்டும். அப்போது வரும் எண் கிட்டத்தட்ட கட்டிய பணத்துக்கு ஈடாக இருந்தால் வெளி லைன் சரியாக இருக்கிறது. குற்றவாளியை வீட்டுக்குள் தேடலாம். குறைவாக இருந்தால், அது என்ன எண் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இன்றைய மெலிந்த மடிக்கணினிகள் பலவற்றில் கேபிள் செருகும் துளையே கிடையாது. யுஎஸ்பியில் மாட்டும் ஒரு சிறு அடாப்டர் வாங்க வேண்டும். வாங்கும்போது கிகாபிட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 100க்கு மேல் போகாத அடாப்டர்களும் அதே கடையில், அதே உருவத்தில் தொங்குகின்றன. அளக்கும் கோலே குட்டையாக இருந்தால் எல்லாம் குட்டையாகத்தான் தெரியும்.

வீட்டுக்குள்ளேயே இரண்டு கருவிகளுக்கு இடையிலுள்ள வேகத்தை அளக்க ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு கணினியில் அதைக் காத்திருக்கச் சொல்லி, இன்னொன்றிலிருந்து அனுப்பச் சொன்னால் போதும், வெளி இணையத்தைத் தொடாமல் நடுவிலுள்ள பாதையின் வேகம் மட்டும் தெரியும். கோப்பை நகலெடுத்துப் பார்த்து அளப்பதை நான் நம்புவதில்லை. யுஎஸ்பி 2ல் மாட்டிய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 30, 35 எம்பிக்கு மேல் தராது. அங்கே நாம் அளப்பது நெட்வொர்க்கையா, டிஸ்க்கையா என்று சொல்லவே முடியாது.

94 என்ற எண்

300 கட்டும் வீட்டில், கேபிளில் அளந்தும் 94 வருகிறதா? ஒரு முறை அல்ல, எப்போது அளந்தாலும் 93, 94, 95 என்றே வருகிறதா? அப்படியென்றால் லைனைத் திட்டுவதை நிறுத்தலாம், நோய் தெரிந்துவிட்டது. 100 எம்பிபிஎஸ் கேபிளில், தரவைத் துண்டு துண்டாகக் கொண்டுபோகும் ஒவ்வொரு பேக்கெட்டோடும் ஒட்டிக்கொண்டு போகும் முகவரிகளையும் இடைவெளியையும் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 94தான். கிகாபிட்டில் அதே கணக்கு 940 ஆகிறது. வெளி லைன் நெரிசலில் இருந்தால் எண் 60, 130, 85 என்று அலையும். இப்படி ஒரே இடத்தில் ஆணி அடித்ததுபோல் நிற்காது. 94ல் நிற்கிறது என்றால் பாதையில் ஏதோ ஓர் இணைப்பு 100க்கு இறங்கி ஒத்துக்கொண்டிருக்கிறது.

எது அது? சில வீடுகளில் ரவுட்டரே. இணைப்போடு இலவசமாக வந்த பழைய பெட்டிகள் பலவற்றில் லேன் போர்ட்டுகள் 100க்கு மேல் போகாதவை. அந்தப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வாடிக்கையாளரின் பிளானை மட்டும் 200, 300 என்று ஏற்றி விற்பது நியாயமே இல்லை. விற்பவருக்கு அந்தப் பெட்டியில் என்ன போர்ட் இருக்கிறது என்று தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. பிளானை ஏற்றும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்தப் பெட்டியில கிகாபிட் போர்ட் இருக்கா?" இல்லையென்றால் பெட்டியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

ரவுட்டர் கிகாபிட், கணினியும் கிகாபிட், ஆனாலும் 94 என்றால் இடையிலுள்ள கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். நெட்வொர்க் கேபிளைப் பிரித்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ் ஓட இரண்டு ஜோடி போதும். பிளக்கில் 1, 2, 3, 6 ஆகிய இடங்களிலுள்ள நான்கு கம்பிகள் மட்டும் வேலை செய்யும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆக 4, 5, 7, 8ல் ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தாலும், கிரிம்ப் செய்தபோது பிளக்கில் சரியாக உட்காராமல் போயிருந்தாலும், இரண்டு முனையிலுமுள்ள கருவிகள் கிகாபிட்டைக் கைவிட்டு 100க்கு இறங்கிவிடுகின்றன. எச்சரிக்கை எதுவும் வராது. விளக்கு எரியும், நெட் வேலை செய்யும், வேகம் மட்டும் மூன்றில் ஒன்றாகிவிடும். ஒரு கம்பி போனதற்காக இணைப்பே அறுந்துவிட்டிருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்போம். ஓரளவு வேலை செய்வதால்தான் ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கிறது.

வீடு கட்டும்போது போட்ட கேபிளாக இருந்தால் இன்னொரு சந்தேகமும் உண்டு. ஒரே கேபிளில் இரண்டு ஜோடியை நெட்டுக்கும் மீதி இரண்டை லேண்ட்லைன் போனுக்கோ இன்னொரு அறைக்கோ பிரித்துக் கொடுத்திருப்பார்கள். 100 எம்பிபிஎஸ் போதுமாக இருந்த காலத்தில் அது நல்ல சிக்கனம்தான். இன்று சுவரிலுள்ள சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் நான்கு கம்பிகள் மட்டுமே மாட்டியிருக்கும். மீதி நான்கையும் எடுத்து மாட்டினால் அந்த அறைக்குக் கிகாபிட் வந்துவிடும். சுவரை உடைக்க வேண்டாம், கேபிளை மாற்றக்கூட வேண்டாம்.

கேபிள் வாங்கும்போது ஒன்றை மட்டும் உறுதியாகக் கேளுங்கள்: முழுச் செம்பா? அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசி, "கேட் 6" என்று உறையில் அச்சிட்டு விலை குறைவாக விற்கிறார்கள். தூக்கிப் பார்த்தாலே எடை குறைவாகத் தெரியும். சில மீட்டர் தூரத்துக்கு அது சமாளித்துவிடும். சுவருக்குள் வளைத்து இழுத்து மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனால் கம்பி முறியும், மின்தடையும் கூடும். உள்ளே போட்டுப் பூசிவிட்ட பிறகு மாற்றுவது பெரும் வேலை. மீட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லவே இல்லை. நல்ல கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட்டைக் கொண்டுபோகும். வீட்டுக்கு அதற்கு மேல் அவசியமும் இல்லை.

சோதிக்க எளிய வழி உண்டு. விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளைத் திறந்தால் இணைப்பு வேகம் 100/100 என்றோ 1000/1000 என்றோ எழுதியிருக்கும். கேபிளை மாற்றி, போர்ட்டை மாற்றி, அந்த எண் எப்போது மாறுகிறது என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் சரியாகிவிடலாம், எதனால் சரியானது என்று தெரியாது. மறுபடி கெடும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மெதுவான கருவி மற்றவற்றை இழுக்குமா?

"பழைய டிவியைச் செருகியதிலிருந்து எல்லாமே ஸ்லோ" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில், விலை உயர்ந்தவற்றிலும், கேபிள் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் என்பது உண்மை. ஆனால் ஸ்விட்ச் என்ற பெட்டி ஒவ்வொரு போர்ட்டிலும் தனித்தனி வேகத்தில் பேசும். டிவியோடு 100ல் பேசும், அதே நேரத்தில் கணினியோடு 1000ல் பேசும். ஒன்று மெதுவானது என்பதற்காக மற்றவற்றை இறக்காது. 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம் என்பதால், டிவிக்கு 100 ஒரு குறையும் இல்லை.

ஆனாலும் அப்படிச் சொல்பவர்கள் சும்மா சொல்லவில்லை. கேபிளில் இரண்டு இடங்களில் மட்டும் மெதுவானது மற்றதை உண்மையிலேயே இழுக்கிறது.

ஒன்று, 1997ல் தரப்படுத்தப்பட்ட 'பாஸ்' என்ற ஏற்பாடு. படங்களைச் சேமித்து வைத்திருக்கும் கணினி கிகாபிட்டில் அனுப்புகிறது, டிவி 100ல்தான் வாங்குகிறது. ஸ்விட்ச்சுக்கு நினைவகம் கொஞ்சம். நிரம்பிவிட்டால் அது வரும் பேக்கெட்டைக் கீழே போடலாம். அனுப்பும் கணினி அதை உணர்ந்து அந்த ஓட்டத்தின் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ளும். பாஸ் இயங்கினால் ஸ்விட்ச், "நிறுத்து" என்று கணினிக்குச் சொல்லிவிடுகிறது. கணினி யாருக்கு அனுப்புவதை நிறுத்தும்? எல்லோருக்கும்தான். டிவிக்காக நிறுத்தியபோது, பக்கத்து அறையில் அதே கணினியிலிருந்து கோப்பை எடுத்துக்கொண்டிருப்பவரும் நின்றுவிடுகிறார். அனுப்பும் கணினியின் நெட்வொர்க் அடாப்டர் அமைப்பில் 'ஃப்ளோ கன்ட்ரோல்' என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மற்றொன்று, யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் ஒரு முனையை மட்டும் "100, ஃபுல் டூப்ளெக்ஸ்" என்று கையால் பூட்டிவைப்பது. மறுமுனை தானாக ஒத்துக்கொள்ளும் நிலையில் இருக்கும். பூட்டிய முனை பேச்சுவார்த்தைக்கே வராததால், மறுமுனை சிக்னலை வைத்து வேகத்தை ஊகித்துக்கொள்கிறது. ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியுமா என்பதை அதனால் ஊகிக்க முடியாது. முடியாது என்றே எடுத்துக்கொள்கிறது. பிறகு ஒன்று பேசும்போது மற்றதும் பேசி மோதல்தான். சிறிய செய்திகள் தப்பித்துப் போய்விடும், வலைப்பக்கம் திறக்கும். பெரிய கோப்பு மட்டும் நத்தையாய் ஊரும். இரு முனைகளையும் தானியங்கியாக விடுவதே தீர்வு. பெரிய பேக்கெட்டுகளை அனுப்பும் 'ஜம்போ பிரேம்' என்ற அமைப்பையும் பழைய கருவிகள் கலந்த வீட்டில் தொட வேண்டாம். கிடைக்கும் ஆதாயம் சிறிது, ஒத்துப்போகாமல் போனால் தேடித் தேடிக் களைத்துவிடுவோம்.

காற்றில் பங்கிடுவது நேரம்

வைஃபைக்கு வந்தால் கதை அடியோடு மாறுகிறது. மெதுவானது வேகமானதை இழுக்கும் என்பது இங்கே விதி. கேபிளில் ஒவ்வொருவருக்கும் தனிப் பாதை. காற்றில் ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும்; ரவுட்டரும் அந்த வரிசையில் ஒருவர்.

கணக்கைப் பாருங்கள். 1500 பைட் கொண்ட ஒரு பேக்கெட் என்பது 12,000 பிட். 300 எம்பிபிஎஸ்ஸில் அதை அனுப்ப 0.04 மில்லிசெகண்ட். 54ல் 0.22. ஆறில் 2. ஒன்றில் 12 மில்லிசெகண்ட். சிக்னல் தேயத் தேயக் கருவி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்போதுதான் பேச்சு புரியும். வாசல் கேட்டில் மாட்டிய கேமராவுக்கு இரண்டு சுவரைத் தாண்டி ரவுட்டர். அது 1 எம்பிபிஎஸ்ஸில் பேசிக்கொண்டிருக்கலாம். அது ஒரு பேக்கெட்டை அனுப்பி முடிக்கும் நேரத்தில் கூடத்திலுள்ள செல்போன், மற்ற செலவுகளைக் கணக்கில் எடுக்காவிட்டால், 300 பேக்கெட் அனுப்பியிருக்கும். கேமரா அனுப்பும் தரவு சொற்பம். அது எடுத்துக்கொள்ளும் நேரம்தான் சொற்பம் இல்லை.

2003ல் பிரான்ஸின் கிரெனோபிளைச் சேர்ந்த மார்ட்டின் ஹூஸ், ஆந்த்ரே டூடா முதலிய ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 11 எம்பிபிஎஸ்ஸில் பேசும் கருவிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கினால், எல்லாக் கருவிகளும் 1 எம்பிபிஎஸ்ஸுக்கும் கீழே போய்விடுகின்றன என்று காட்டினார்கள். காரணம், வைஃபையின் நியாயம். அது ஒவ்வொரு கருவிக்கும் சமமான முறை கொடுக்கிறது, ஆளுக்கு ஒரு பேக்கெட். ரேஷன் கடை வரிசையில் எல்லோருக்கும் ஒரே முறைதான். ஆனால் உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையை இயந்திரம் படிக்காமல் ஒரு பாட்டி திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் நிற்கும் அத்தனை பேரும் அவருடைய வேகத்தில்தான் நகர முடியும். பாட்டி மேல் குற்றம் இல்லை. கேமரா மேலும் இல்லை.

முறைக்குப் பதிலாக நேரத்தைச் சமமாகப் பங்கிட்டால்? 2017ல் ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோகே ஹொய்லண்ட்-யோர்கென்சனும் அமெரிக்கரான டேவ் டாட்டும் மற்ற சிலரும் அதைத்தான் லினக்ஸில் செய்து காட்டினார்கள். மொத்த வேகம் ஐந்து மடங்கு வரை கூடியது. 'ஏர்டைம் ஃபேர்னெஸ்' என்று இன்று சில ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் பொத்தானுக்குப் பின்னால் இருப்பது இந்தச் சிந்தனைதான். உங்கள் ரவுட்டரில் இருந்தால் போட்டுப் பாருங்கள். அதனால் ஏதாவது பழைய கருவி திணறினால் அணைத்துவிடலாம்.

அந்தப் பொத்தான் இல்லாத ரவுட்டர்தான் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. அங்கே செய்யக்கூடியது இன்னும் எளியது: நகராத கருவியைக் காற்றிலிருந்து எடுத்துவிட வேண்டும். டிவி, கேமராவின் பதிவுப்பெட்டி, பிரிண்டர், மேசைக் கணினி எல்லாம் ஒரே இடத்தில் இருப்பவை. அவற்றைக் கேபிளுக்கு மாற்றினால் காற்று முழுவதும் கையோடு எடுத்துத் திரியும் கருவிகளுக்குக் கிடைக்கும். நான் ஒரே ஒரு யோசனைதான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

மாற்ற முடியாதவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கட்டும். செல்போனும் மடிக்கணினியும் 5க்குப் போகட்டும். இரண்டும் வெவ்வேறு காற்று. ஒன்றில் நடக்கும் இழுபறி மற்றதைத் தொடாது. இந்தியாவில் 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு உரிமம் இல்லாமல் திறந்துவிடப்பட்டது. இடம் தாராளம். 2.4ல் ஒன்றையொன்று மிதிக்காத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அடுக்ககத்தில் முப்பது வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றில் நெருக்கியடிக்கின்றன. அங்கே சானல் அகலத்தை 40 என்று வைத்திருந்தால் 20க்கு இறக்குங்கள். அகலம் கூடினால் வேகம் கூடும் என்று பெட்டியில் போட்டிருப்பது, அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாத தோட்ட வீட்டுக்குத்தான் பொருந்தும். 2, 3, 4 என்று இடைப்பட்ட சானலைத் தேர்ந்தெடுப்பது இரண்டு பக்கத்து நெரிசலையும் விலைக்கு வாங்குவது.

மாடியறைக்கு என்ன செய்வது? கடைக்காரர் ரிப்பீட்டர் கொடுப்பார். ரிப்பீட்டர் கேட்டதையே அதே காற்றில் மறுபடி சொல்கிறது. ஒரு பேக்கெட் இரண்டு முறை பறக்க வேண்டும், வேகம் பாதியாகும். சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரியும், வீடியோ நிற்கும். அந்தக் கோடுகள் ரிப்பீட்டருக்கும் போனுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் காட்டுகின்றன, ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை அல்ல. மாடிக்கு ஒரு கேபிளை இழுத்து, அதன் முனையில் வைஃபையை மட்டும் பரப்பும் ஒரு சாதாரண ஆக்சஸ் பாயிண்ட் வைப்பது, விலை உயர்ந்த ரிப்பீட்டரைவிட நிச்சயமாக நல்லது. மெஷ் வாங்கினாலும் அதன் பெட்டிகளைக் கேபிளால் இணைத்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

ரவுட்டர் இருக்கும் இடத்தையும் பாருங்கள். ஃபைபர் உள்ளே நுழைந்த மூலையில், டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி வைத்திருப்பார்கள். நான்கடி மேலே, திறந்த இடத்துக்கு மாற்றினாலே மாடியில் வித்தியாசம் தெரியும். யுஎஸ்பி 3 டிஸ்க் மாட்டிய கணினியை ரவுட்டரை ஒட்டி வைக்க வேண்டாம். அந்த இணைப்பு 2.4ல் இரைச்சல் போடும் என்பதை 2012லேயே இன்டெல் நிறுவனம் அளந்து வெளியிட்டிருக்கிறது.

வேகம் இருக்கிறது, ஆனால் நிற்கிறது

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு புகார் மிஞ்சும். ஸ்பீட் டெஸ்ட் நன்றாக இருக்கிறது, கேபிளும் கிகாபிட், ஆனால் வீடியோ அழைப்பு மட்டும் நடுநடுவே திணறுகிறது. கவனித்துப் பார்த்தால், வீட்டில் யாரோ ஒருவரின் செல்போன் கல்யாணப் படங்களை மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் நேரமாக அது இருக்கும்.

இது ஏன் என்று புரிய ஒரு பழைய கதைக்குப் போக வேண்டும். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில் இணைய வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. இரண்டுக்கும் நடுவே தூரம் 400 கெஜம். காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு நடந்தால்கூடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கும். வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் அதைத் தோண்டியெடுத்தார். பேக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு அனுப்புபவர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற அவருடைய தீர்வு 1988ல் வெளியானது. இன்றுவரை இணையம் அந்த ஒழுக்கத்தில்தான் ஓடுகிறது.

அந்த ஒழுக்கம் வேலை செய்ய வேண்டுமானால் பேக்கெட் நேரத்தோடு தொலைய வேண்டும். நினைவகம் மலிவானதும் கருவி செய்பவர்கள் ரவுட்டரிலும் மோடத்திலும் பெரிய பெரிய தாங்கல்களை வைத்தார்கள், ஒரு பேக்கெட்டும் வீணாகக் கூடாது என்று. 2010ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜிம் கெட்டிஸ் தன் வீட்டிலிருந்து ஒரு பெரிய கோப்பை அலுவலகத்துக்கு அனுப்பும்போது, அதே இணைப்பில் மற்ற எல்லாமே ஒரு நொடிக்கு மேல் தாமதமாவதைக் கண்டார். பேக்கெட்டுகள் நேரத்தோடு தொலையவில்லை. எல்லாம் தாங்கலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அனுப்பும் கணினிக்கு நெரிசல் இருப்பதே தெரியவில்லை, மேலும் மேலும் ஊற்றியது. இதற்கு அவர் வைத்த பெயர் 'பஃபர்ப்ளோட்'. தாங்கலின் வீக்கம் என்று சொல்லலாம்.

வீக்கம் எங்கே வரும்? வேகம் சட்டென்று இறங்கும் இடத்தில். செல்போனிலிருந்து ரவுட்டர் வரை 300ல் வருகிறது, வெளியே அப்லோடு 2 எம்பிபிஎஸ். நடுவிலுள்ள தாங்கல் 256 கிலோபைட் என்றால் அதை வடிக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி பிடிக்கும். வீடியோ அழைப்பின் சிறு பேக்கெட் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. ஒரு நொடி கழித்து வரும் குரல் உரையாடலுக்கு உதவாது. வீட்டுக்குள் வைஃபையை எவ்வளவு வேகமாக்கினாலும் இந்தப் பள்ளம் ஆழமாகுமே தவிரத் தீராது.

சோதிப்பது மிக எளிது. செய்தி போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தைக் காட்டும் பிங் என்ற கட்டளையை, கணினியில் 8.8.8.8 என்ற முகவரிக்குப் போட்டுத் தொடர்ந்து ஓடவிடுங்கள். அமைதியான நேரத்தில் 10, 20 மில்லிசெகண்ட் வரும். இப்போது செல்போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை அப்லோடு செய்யுங்கள். பிங் 30, 40 ஆனால் கவலையில்லை. 400, 900 என்று எகிறினால் நோய் இதுதான்.

மருந்தும் அதே ஜேக்கப்சனிடமிருந்துதான் வந்தது. 2012ல் கேத்லீன் நிக்கோல்ஸும் அவரும் 'கோடல்' என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையின் நீளத்தை விட்டுவிட்டு, ஒரு பேக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதை அது பார்க்கும்; அதிகமானால் ஒன்றைக் கீழே போட்டு அனுப்புபவருக்கு உணர்த்தும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனி வரிசை கொடுக்கும் அதன் அடுத்த வடிவம் லினக்ஸில் சேர்ந்து, 2018ல் ஆர்எஃப்சி 8290 என்ற ஆவணமாகவும் வெளியானது. ரவுட்டர் பக்கத்தில் 'எஸ்க்யூஎம்' அல்லது 'ஸ்மார்ட் க்யூ' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, அளந்து பார்த்த அப்லோடு, டவுன்லோடு வேகங்களில் 90 சதவீதத்தை அதில் எழுதுங்கள். பத்து சதவீதத்தை ஏன் இழக்க வேண்டும் என்று தோன்றும். வரிசை வெளிப்பெட்டியில் தேங்காமல், நாம் கட்டுப்படுத்தக்கூடிய ரவுட்டரிலேயே உருவாக வேண்டும் என்பதற்காகத்தான் அது. 300ல் 30 போனால் யாருக்கும் தெரியாது, அழைப்பு நிற்காமல் ஓடுவது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும். அந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால், படங்களை ஏற்றும் வேலையை இரவு தூங்கும் நேரத்துக்கு மாற்றி வைப்பது இலவச வைத்தியம்.

லைன்மேல் தவறு இருந்தால்

கேபிளில் நேரே செருகி அளந்தும், வீட்டில் வேறு யாரும் பயன்படுத்தாதபோதும், இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை மட்டும் வேகம் விழுகிறது, விடியற்காலையில் முழுதாக வருகிறது என்றால் அது வீட்டுக் கோளாறு இல்லை. ஜிபான் வகை ஃபைபரில் 2.5 ஜிபிபிஎஸ் அளவுள்ள ஒரு கிளையை 32 வீடுகளோ 64 வீடுகளோ பங்கிட்டுக்கொள்வது வழக்கம். அதற்கு அப்பாலும் இணைப்பு கொடுப்பவர் வாங்கி வைத்திருக்கும் கொள்ளளவு போதாமல் இருக்கலாம். நேரம் பார்க்காமல் விழுந்து எழுந்தால் ஃபைபர் பெட்டியின் பக்கத்தில் ஒளியின் அளவைப் பாருங்கள். −27 டிபிஎம்முக்கும் கீழே, −28, −29 என்று இருந்தால் எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது, அல்லது இணைத்த இடம் அழுக்காகியிருக்கிறது.

அப்போது கையில் ஆதாரத்தோடு பேசலாம். தேதி, நேரம், கேபிளில் அளந்த எண், பிங் எண், ஒளியின் அளவு, இவற்றை ஒரு வாரம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். "வைஃபையில பாத்தீங்களா சார்?" என்ற முதல் கேள்விக்கே, "இல்லை, கேபிளில் பார்த்தேன்" என்று பதில் சொல்ல முடிந்தால் பேச்சின் போக்கே மாறிவிடும். புகாருக்கு எண் வாங்காமல் போனை வைக்க வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் புகார் மையத்துக்கு மேலே ஒரு மேல்முறையீட்டு அதிகாரத்தை வைத்திருக்க வேண்டும். புகார் தீராவிட்டால் அந்தப் புகார் எண்ணோடு அங்கே போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.